நாவன்மையும் நேர்மையும்: ரோமாபுரியின் சிசரோ சொல்லும் பாடம்

ரோமாபுரி நகரத்தின் நடுவே மக்கள் கூடும் பெருவெளி ஒன்று இருந்தது. அங்கே பேச்சாளர்களுக்கென்றே ஒரு மேடை. கி.மு. 338இல் ஆன்டியம் நகரத்தாரிடமிருந்து கைப்பற்றிய போர்க்கப்பல்களின் முகப்புகளை அந்த மேடையில் பதித்து வைத்திருந்தார்கள். பதவிக்கு வர நினைத்தவனும் பதவியில் இருந்தவனைக் கீழே இறக்க நினைத்தவனும் அந்த மேடையில் ஏறித்தான் மக்களிடம் பேச வேண்டும்.

கி.மு. 43ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் அதே மேடையில் ஒரு மனிதரின் தலையும் கைகளும் காட்சிக்கு வைக்கப்பட்டன. மார்க் ஆண்டனியை எதிர்த்துப் பேசிய வாய் அந்தத் தலையில் இருந்தது. அந்தப் பேச்சுகளை எழுதிய கைகள் அவை. ஆண்டனியின் மனைவி ஃபுல்வியா அந்த நாக்கை வெளியே இழுத்துத் தன் கொண்டை ஊசியால் குத்தினாள் என்று வரலாற்றாசிரியர் காசியஸ் டியோ எழுதி வைத்திருக்கிறார்.

செத்துப் போன மனிதரின் நாக்கின் மீது கூட ஆத்திரம் தீரவில்லை என்றால், உயிரோடு இருந்தபோது அந்த நாக்கு எத்தனை பேரை நடுங்க வைத்திருக்கும்! அந்த மனிதர்தான் மார்க்கஸ் துல்லியஸ் சிசரோ. இரண்டாயிரம் ஆண்டுகளைக் கடந்தும் அவருடைய ஐம்பதுக்கு மேற்பட்ட சொற்பொழிவுகளும், ஏறக்குறைய 900 கடிதங்களும், பல தத்துவ நூல்களும் படிக்கப்படுகின்றன. பேச்சுக்கலை பயில்வோர் அவரிடம் பாடம் கேட்கிறார்கள். அந்தப் பாடத்தில் அவருடைய வெற்றிகளும் உண்டு, சறுக்கல்களும் உண்டு.

கொண்டைக்கடலைப் பெயர்க்காரர்

சிசரோ கி.மு. 106ஆம் ஆண்டு ஜனவரி 3ஆம் நாள், ரோமுக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலுள்ள அர்பினம் என்ற சிற்றூரில் பிறந்தார். வசதியான குடும்பம்தான். ஆனால் அந்தக் குடும்பத்தில் யாரும் அதுவரை ரோமில் உயர்பதவி வகித்ததில்லை. பரம்பரைப் பெருமை இல்லாமல் பதவிக்கு வருகிறவர்களை ரோமானியர்கள் ‘புதிய மனிதர்’ என்பார்கள். அந்தச் சொல்லில் மரியாதையை விட ஏளனமே அதிகம்.

போதாக்குறைக்குப் பெயரிலும் ஒரு சிக்கல். லத்தீன் மொழியில் ‘சிசர்’ என்றால் கொண்டைக்கடலை. அரசியலுக்கு வரும்போது இந்தப் பெயரை மாற்றிக் கொள்ளும்படி நண்பர்கள் சொன்னார்கள். பெரிய குடும்பப் பெயர்களை விட இந்தப் பெயரைப் புகழ்பெறச் செய்து காட்டுகிறேன் என்று அவர் பதில் சொன்னதாக புளூட்டார்க் குறிப்பிடுகிறார். பின்னாளில் சிசிலியில் பதவி வகித்தபோது, கோயிலுக்குக் காணிக்கையாகக் கொடுத்த வெள்ளிப் பாத்திரத்தில் தம் முதலிரு பெயர்களை மட்டும் பொறித்து, மூன்றாவது பெயருக்குப் பதிலாக ஒரு கொண்டைக்கடலையைச் செதுக்கச் சொன்னாராம்!

பணமும் படையும் பரம்பரையும் இல்லாதவனுக்கு அன்றைய ரோமில் இருந்த ஒரே ஏணி பேச்சு. வழக்குமன்றத்தில் பேசிப் பேர் எடுத்தால் மக்கள் வாக்களிப்பார்கள். ஆகவே இளம் சிசரோ சட்டம் படித்தார். கிரேக்க மொழி படித்தார். ஏதென்ஸிலிருந்து ரோமுக்கு வந்திருந்த ஃபைலோ என்ற தத்துவ ஆசிரியரிடம் பாடம் கேட்டார். தத்துவம் தெரியாதவன் வாயாடியாகலாம், பேச்சாளனாக முடியாது என்பது அவருடைய கருத்து.

பயனடைந்தது யார்?

கி.மு. 80இல் அவருக்கு 26 வயது. செக்ஸ்டஸ் ரோசியஸ் என்பவர் தம் தந்தையைக் கொன்றுவிட்டதாக வழக்கு. தந்தையைக் கொன்றவனைச் சாக்குப் பையில் போட்டுத் தைத்து நீரில் எறிந்துவிடுவது அன்றைய தண்டனை. மூத்த வழக்குரைஞர்கள் யாரும் இந்த வழக்கைத் தொடத் துணியவில்லை. ஏன்?

சர்வாதிகாரி சுல்லா தம் எதிரிகளின் பெயர்களைப் பட்டியலாக எழுதித் தொங்கவிட்டிருந்த காலம் அப்போதுதான் முடிந்திருந்தது. பட்டியலில் பெயர் இருந்தால் யாரும் கொல்லலாம். சொத்து ஏலத்துக்குப் போகும். ரோசியஸின் தந்தை கொல்லப்பட்ட பிறகு, பட்டியல் மூடப்பட்டிருந்தும் அவர் பெயர் அதில் நுழைக்கப்பட்டது. 60 லட்சம் செஸ்டர்ஸ் மதிப்புள்ள சொத்து வெறும் 2,000 செஸ்டர்ஸுக்கு ஏலம் போனது. ஏலம் எடுத்தவன் கிரிசோகோனஸ், சுல்லாவின் செல்லப்பிள்ளை. சொத்தை இழந்து நின்ற மகன் மீதே கொலைப்பழி.

சிசரோ எழுந்தார். இந்தக் கொலையால் பயனடைந்தது யார் என்று கேட்டார். லூசியஸ் காசியஸ் என்ற பழைய நீதிபதி ஒருவர் எப்போதும் கேட்கும் கேள்வி அது என்று ஜூரிகளுக்கு நினைவூட்டினார். பிறகு கிரிசோகோனஸின் பெயரைச் சபையில் வெளிப்படையாகச் சொன்னார். சுல்லாவை மட்டும் பழிக்காமல், இத்தனை பெரிய பொறுப்பில் இருப்பவருக்கு எல்லாவற்றையும் கவனிக்க நேரமிருக்காது என்று நாசூக்காக நகர்ந்துவிட்டார். ரோசியஸ் விடுதலையானார். சிசரோவின் பெயர் ஊரெங்கும் பரவியது.

இன்றும் குற்றம் துப்பறிவோரும் செய்தியாளர்களும் முதலில் கேட்கும் கேள்வி அதுதான்.

குரலைத் திருத்திய ஆசிரியர்

அந்த வெற்றிக்குப் பிறகு சிசரோ ஊரை விட்டுக் கிளம்பினார். அவருடைய உடல் அப்போது மெலிந்திருந்தது. கழுத்து நீண்டு ஒட்டிப் போயிருந்தது. ஆனால் பேசும்போது ஏற்ற இறக்கம் இல்லாமல் முழுக் குரலையும் உடல் வலிமையையும் கொட்டித் தீர்ப்பார். இப்படியே போனால் உயிருக்கு ஆபத்து, வழக்காடுவதை விட்டுவிடுங்கள் என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள்.

தொழிலை விட அவருக்கு மனமில்லை. முறையை மாற்றிக் கொள்ள முடிவு செய்தார். கி.மு. 79 முதல் 77 வரை கிரேக்க நாட்டிலும் ஆசியா மைனரிலும் ரோட்ஸ் தீவிலும் ஆசிரியர்களைத் தேடித் தேடிப் படித்தார். ரோட்ஸில் இருந்த மோலன் என்ற ஆசிரியர், கரைபுரண்டு ஓடிய அந்தப் பேச்சுக்குக் கரை கட்டினார். திரும்பி வந்தபோது குரலில் இறுக்கம் தளர்ந்திருந்தது, உடம்பும் தேறியிருந்தது என்று சிசரோவே பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். மேடையில் கத்துவதுதான் வீரம் என்று நினைப்பவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி இது.

ரோமானியப் பேச்சுக்கலைக்கு ஐந்து உறுப்புகள் உண்டு. சொல்ல வேண்டிய கருத்தைக் கண்டெடுப்பது முதலாவது. அதை வரிசைப்படுத்துவது இரண்டாவது. பொருத்தமான சொற்களால் அழகுபடுத்துவது மூன்றாவது. மனத்தில் இருத்திக் கொள்வது நான்காவது. குரலாலும் கண்ணாலும் கையாலும் வெளிப்படுத்துவது ஐந்தாவது.

நினைவாற்றலுக்கு அவர்கள் சொன்ன வழி சுவையானது. சைமனிடீஸ் என்ற கிரேக்கக் கவிஞர் ஒரு விருந்திலிருந்து வெளியே வந்த நேரத்தில் மண்டபத்தின் கூரை இடிந்து விழுந்தது. உள்ளே இருந்தவர்கள் அடையாளம் தெரியாமல் நசுங்கிப் போனார்கள். யார் எங்கே அமர்ந்திருந்தார் என்பதை நினைவுக்குக் கொண்டு வந்து, கவிஞர் ஒவ்வோர் உடலையும் அடையாளம் காட்டினாராம். இடத்தோடு சேர்த்து வைத்தால் எதுவும் மறக்காது என்ற உண்மை அன்று பிறந்தது என்பது கதை. பேச்சாளர் தமக்குப் பழகிய வீடு ஒன்றை மனத்தில் நினைத்துக் கொள்ள வேண்டும். வாசலில் முதல் கருத்து, கூடத்தில் அடுத்த கருத்து என்று வைத்துக் கொண்டே போக வேண்டும். பேசும்போது அந்த வீட்டுக்குள் மனத்தால் நடந்தால் போதும், கருத்துகள் வரிசையாக வந்து நிற்கும். இன்றைய நினைவாற்றல் போட்டிகளில் கலந்து கொள்வோரும் இந்த முறையைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

பேச்சின் பயன் என்ன? கேட்பவருக்கு விளங்க வைக்க வேண்டும், இனிக்க வேண்டும், மனத்தை அசைக்க வேண்டும் என்று மூன்று கடமைகளைச் சிசரோ வகுத்தார். விளங்க வைப்பது கட்டாயம். இனிமை ஒரு நயம். ஆனால் மனத்தை அசைப்பதுதான் வெற்றி.

ஆளுநரை ஓட வைத்த வழக்கு

கி.மு. 75இல் சிசரோ சிசிலித் தீவில் நிதி அதிகாரியாகப் பணியாற்றினார். நேர்மையாக நடந்து கொண்டார். ரோமில் எல்லாரும் தம்மைப் பற்றித்தான் பேசிக் கொண்டிருப்பார்கள் என்று நினைத்துத் திரும்பி வந்தார். வழியில் புத்தியோலி நகரத்தில் எதிர்ப்பட்ட ஒருவர், ரோமிலிருந்து எப்போது கிளம்பினீர்கள், அங்கே என்ன செய்தி என்று கேட்டாராம்! அவர் ஊரில் இல்லாததே யாருக்கும் தெரியவில்லை. இந்தக் கதையைச் சிசரோவே ஒரு சொற்பொழிவில் சொல்லித் தம்மைக் கேலி செய்து கொண்டார். அன்று முதல் மக்கள் கண்ணில் படும்படி ரோமிலேயே தங்கிவிட முடிவு செய்தாராம்.

அந்தச் சிசிலி மக்கள் அவரை மறக்கவில்லை. கி.மு. 73 முதல் 71 வரை அவர்களை ஆண்ட வெர்ரிஸ் என்ற ஆளுநர், தீவையே சுரண்டி எடுத்துவிட்டான். கோயில் சிலைகள், வெள்ளிப் பாத்திரங்கள், விவசாயிகளின் தானியம், எதையும் விட்டு வைக்கவில்லை. 4 கோடி செஸ்டர்ஸ் அளவுக்குக் கொள்ளையடித்ததாகக் குற்றச்சாட்டு. தன் மூன்றாண்டு வருமானத்தில் ஓராண்டுப் பங்கு தனக்கு, ஓராண்டுப் பங்கு வக்கீல்களுக்கு, மிகக் கொழுத்த ஆண்டின் பங்கு ஜூரிகளுக்கு என்று அவன் சொல்லித் திரிந்ததாகச் சிசரோ மன்றத்தில் எடுத்துரைத்தார்.

வெர்ரிஸுக்காக வாதாடியவர் ஹார்டென்சியஸ். அன்றைய ரோமின் முதல்நிலைப் பேச்சாளர். வழக்கை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப் போட்டால் தமக்கு வேண்டியவர் நீதிமன்றத் தலைவராக வந்துவிடுவார் என்பது அவர்கள் போட்ட கணக்கு. சாட்சிகளைத் திரட்டச் சிசரோவுக்கு 110 நாட்கள் கிடைத்தன. அவர் 50 நாட்களில் சிசிலி முழுவதும் அலைந்து ஆவணங்களோடு திரும்பினார். கி.மு. 70 ஆகஸ்டில் விசாரணை தொடங்கியது.

இங்கேதான் சிசரோவின் அறிவு வேலை செய்தது. நீண்ட சொற்பொழிவு நிகழ்த்துவார் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அவரோ சுருக்கமாகப் பேசிவிட்டு நேரே சாட்சிகளை அழைத்தார். நாள்தோறும் சிசிலி மக்கள் வந்து தங்கள் கதையைச் சொன்னார்கள். தள்ளிப் போட வழியில்லாமல் போயிற்று. வெர்ரிஸ் தீர்ப்புக்கு முன்பே மசிலியா நகரத்துக்கு, இன்றைய மார்சேய் நகரத்துக்கு, ஓடிவிட்டான். ரோமின் தலைசிறந்த பேச்சாளர், தம் வாழ்வின் மிகப் பெரிய வழக்கில் குறைவாகப் பேசி வென்றார்!

பேச வைத்திருந்த மீதிச் சொற்பொழிவுகளை அவர் நூலாக வெளியிட்டார். அதில் வரும் காவியஸ் என்பவரின் கதை உள்ளத்தை உலுக்கும். ரோமானியக் குடிமகனை விசாரணையின்றி அடிக்கவோ கொல்லவோ கூடாது என்பது சட்டம். மெசானா நகரத்தில் காவியஸ் சாட்டையடி படும்போது, தான் ஒரு ரோமானியக் குடிமகன் என்பதை மட்டுமே திரும்பத் திரும்பச் சொன்னார். வெர்ரிஸ் அவரைச் சிலுவையில் அறைந்தான். ஒரு குடிமகனின் உரிமை எவ்வளவு பெரியது என்பதை இதைவிட அழுத்தமாக யாரும் சொன்னதில்லை.

இந்தச் சொற்பொழிவுகளின் எதிரொலி 1,850 ஆண்டுகளுக்குப் பிறகு லண்டனில் கேட்டது. வங்காளத்தின் கவர்னர் ஜெனரலாக இருந்த வாரன் ஹேஸ்டிங்ஸ் மீது 1788இல் நாடாளுமன்ற விசாரணை தொடங்கியபோது, குற்றச்சாட்டை முன்னின்று நடத்திய எட்மண்ட் பர்க், வெர்ரிஸ் வழக்கையே முன்மாதிரியாகக் கொண்டார். அதற்கு முன் 1785இல் ஆற்காட்டு நவாப்பின் கடன்களைப் பற்றிப் பேசிய அதே பர்க், கர்நாடகப் பகுதியிலும் தஞ்சையிலும் பழைய மன்னர்கள் வெட்டி வைத்த ஏரிகளின் பெருமையையும் அவை பாழாகிக் கிடந்த நிலையையும் ஆங்கிலேய நாடாளுமன்றத்தில் விரிவாக எடுத்துச் சொன்னார். ஹேஸ்டிங்ஸ் 1795இல் விடுதலையானார். ஆயினும், ஆளப்படும் மக்களுக்கு இழைக்கப்படும் அநீதிக்கு ஆள்பவர்களின் மன்றத்திலேயே பதில் சொல்ல வேண்டும் என்ற எண்ணம் அன்று வலுப்பெற்றது. அந்த எண்ணத்துக்குச் சிசரோ ஒரு முன்னோடி.

சொல்லும் செயலும் முரண்பட்ட நாள்

சிசரோவின் புகழ் உச்சிக்குப் போன ஆண்டு கி.மு. 63. ரோமின் மிக உயர்ந்த பதவியான கான்சல் பதவியில் அப்போது இருந்தார். ஏறக்குறைய முப்பது ஆண்டுகளாக எந்தப் ‘புதிய மனிதருக்கும்’ கிடைக்காத பதவி அது. கேட்டிலைன் என்ற பிரபு ஆட்சியைக் கவிழ்க்கச் சதி செய்வதாகத் தகவல் கிடைத்தது. நவம்பரில் செனட் சபை கூடியபோது கேட்டிலைனும் துணிந்து வந்து அமர்ந்தான். அவனுக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டார்கள். வெறிச்சோடிய இருக்கைகளுக்கு நடுவே அவன் தனியே இருக்க, சிசரோ அவனை நேருக்கு நேர் பார்த்துப் பேசினார். அன்றிரவே கேட்டிலைன் நகரத்தை விட்டு வெளியேறினான். பேச்சுக்கு இதைவிடப் பெரிய வெற்றி உண்டா?

ஆனால் அதற்குப் பிறகு நடந்ததைத்தான் வரலாறு இன்றும் விவாதிக்கிறது. நகருக்குள் பிடிபட்ட சதிகாரர்கள் ஐந்து பேரை என்ன செய்வது? டிசம்பர் 5ஆம் நாள் செனட் சபை விவாதித்தது. ஜூலியஸ் சீசர் மரண தண்டனையை எதிர்த்தார்; வெவ்வேறு ஊர்களில் ஆயுள் முழுதும் சிறை வைக்கலாம் என்றார். இளைய கேட்டோ மரண தண்டனையை வற்புறுத்தினார். சபை கேட்டோவின் பக்கம் சாய்ந்தது. அன்று மாலையே, வழக்கு விசாரணை எதுவும் இல்லாமல், ஐவரும் சிறையில் கழுத்து நெரித்துக் கொல்லப்பட்டார்கள். முன்னின்று நிறைவேற்றியவர் சிசரோ.

காவியஸுக்காகக் கண்ணீர் வரவழைத்தவர், ரோமானியக் குடிமகனின் உரிமைக்காக முழங்கியவர், ஏழே ஆண்டுகளில் ஐந்து குடிமக்களை விசாரணையின்றிக் கொன்றார். நாடு ஆபத்தில் இருந்தது என்பது அவருடைய வாதம். இருக்கலாம். ஆனால் ஆபத்துக் காலத்தில் காப்பாற்றப்படாத உரிமைக்கு என்ன மதிப்பு? கி.மு. 58இல் அவருடைய பகைவன் குளோடியஸ், குடிமகனை விசாரணையின்றிக் கொன்றவனை நாடு கடத்தச் சட்டம் கொண்டு வந்தான். சிசரோ நாட்டை விட்டு வெளியேறினார். பாலட்டைன் குன்றில் இருந்த அவருடைய வீடு இடித்துத் தள்ளப்பட்டது. அடுத்த ஆண்டு அவர் திரும்பி வந்தாலும், அந்தப் பழி அவரை விட்டுப் போகவில்லை.

இன்னொரு குறையையும் மறைக்கக் கூடாது. குளுவென்டியஸ் என்பவரின் வழக்கில் ஜூரிகளின் கண்களை இருட்டாக்கிவிட்டதாக அவரே பெருமையடித்துக் கொண்டார் என்று குவின்டிலியன் எழுதியிருக்கிறார். நாவன்மை ஒரு கத்தி போன்றது. மருத்துவர் கையிலும் இருக்கலாம், திருடன் கையிலும் இருக்கலாம். சில நேரங்களில் இரண்டு பேரும் ஒரே ஆளாகவும் இருக்கலாம்.

பயந்து நடுங்கிய நேரமும் உண்டு. கி.மு. 52இல் மைலோ என்ற நண்பருக்காகப் பேச எழுந்தபோது மன்றத்தைச் சுற்றிப் படைவீரர்கள் நின்றார்கள். கூட்டம் கூச்சலிட்டது. சிசரோவின் பேச்சு தடுமாறியது. மைலோ தோற்று மசிலியாவுக்குப் போனார். பிறகு சிசரோ அந்தப் பேச்சைச் செப்பனிட்டு, அருமையாக எழுதி அவருக்கு அனுப்பினார். இதை அன்றே இப்படிப் பேசியிருந்தால் இங்கே இத்தனை சுவையான மீனைச் சாப்பிடும் பாக்கியம் தமக்குக் கிடைத்திருக்காதே என்று மைலோ பதில் எழுதினாராம். ஏட்டுப் பேச்சு வேறு, மேடைப் பேச்சு வேறு என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை.

துயரத்தில் பிறந்த தத்துவம்

கி.மு. 45ஆம் ஆண்டு பிப்ரவரியில் சிசரோவின் அருமை மகள் துல்லியா, பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு இறந்து போனாள். அரசியலில் அப்போது சீசர் வைத்ததுதான் சட்டம். சிசரோவுக்கு அங்கே வேலையில்லை. வீட்டிலும் வெளியிலும் எல்லாம் இருண்டுவிட்டது. கடலோரத்து அஸ்டூரா வீட்டில் தனித்திருந்து எழுதிக் கொண்டே இருந்தார். துயரத்தைத் தணிப்பது பற்றி முன்னோர்கள் எழுதிய அனைத்தையும் படித்துவிட்டு, தமக்குத் தாமே ஆறுதல் சொல்லும் நூல் ஒன்றை எழுதினார். அது இன்று கிடைக்கவில்லை. ஆனால் அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள் மரணம், துன்பம், முதுமை, நட்பு, கடவுள், கடமை என்று ஒவ்வொரு பொருளிலும் நூல்கள் பிறந்தன.

அதுவரை தத்துவம் என்றால் கிரேக்க மொழியில்தான். லத்தீனில் அதற்குச் சொற்களே இல்லை. சிசரோ சொற்களைப் படைத்தார். இன்று ஆங்கிலத்தில் அன்றாடம் புழங்கும் ‘குவாலிட்டி’, ‘மாரல்’ ஆகிய சொற்களின் லத்தீன் மூலங்களை உருவாக்கியவர் அவர்தான். தாய்மொழியில் எதையும் சொல்ல முடியும் என்று செய்து காட்டியவர்.

கடமைகளைப் பற்றிய நூலை கி.மு. 44இல், ஏதென்ஸில் படித்துக் கொண்டிருந்த மகனுக்குக் கடிதமாக எழுதினார். அதில் ஒரு கேள்வி வருகிறது. ரோட்ஸ் தீவில் பஞ்சம். அலெக்ஸாண்டிரியாவிலிருந்து ஒரு வியாபாரி கப்பல் நிறைய தானியத்தோடு வந்து சேருகிறான். பின்னால் இன்னும் பல தானியக் கப்பல்கள் வருவது அவனுக்குத் தெரியும். ஊராருக்குத் தெரியாது. சொல்லிவிட்டால் விலை இறங்கும். சொல்லாவிட்டால் கொள்ளை லாபம். அவன் பொய் சொல்லவில்லை. சும்மா இருக்கிறான், அவ்வளவுதான். இது தவறா?

இரண்டு தத்துவ ஆசிரியர்கள் இரண்டு விதமாகப் பதில் சொன்னதைச் சிசரோ எடுத்துக்காட்டுகிறார். சட்டம் கேட்காததைச் சொல்ல வேண்டியதில்லை என்பது ஒருவர் கட்சி. மனித குலத்துக்கு நன்மை செய்யப் பிறந்தவன் அவர்களுக்குப் பயன்படும் செய்தியை மறைக்கலாமா என்பது மற்றவர் கட்சி. வியாபாரி சொல்லியாக வேண்டும் என்று சிசரோ தீர்ப்பளிக்கிறார். தன் லாபத்துக்காக, தெரிந்திருக்க வேண்டியவர்களுக்குத் தெரியாமல் வைப்பது ஏமாற்று வேலை என்கிறார். நேர்மைக்கும் உண்மையான லாபத்துக்கும் பகையே இல்லை என்பது அவருடைய முடிவு. கடையில் பழைய சரக்கை ஒளித்து விற்பது முதல் வீட்டின் குறையை மறைத்து விற்பது வரை, இந்தக் கேள்வி இன்றும் பொருந்தும்.

அநியாயம் இரண்டு வகை என்றும் அதே நூல் பிரிக்கிறது. தீங்கு செய்வது ஒன்று. தடுக்க முடிந்தும் தடுக்காமல் வேடிக்கை பார்ப்பது மற்றொன்று. அச்சு இயந்திரம் வந்தபோது ஐரோப்பாவில் முதன்முதலில் அச்சேறிய பழங்கால நூல்களில் இதுவும் ஒன்று; 1465இல் ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் அச்சானது.

அடிமையும் அரசனும்

சிசரோவுக்குப் பின் வந்தவர்களில் மூவர் பெயரைச் சொல்லியாக வேண்டும். ஸ்பெயின் நாட்டிலிருந்து வந்த குவின்டிலியன், அரசு ஊதியம் பெற்ற பேச்சுக்கலை ஆசிரியர். அவர் எழுதிய 12 பகுதிகள் கொண்ட நூல், குழந்தைப் பருவத்திலிருந்து ஒரு பேச்சாளனை வளர்க்கும் முறையைச் சொல்கிறது. பிள்ளைகளைப் பிரம்பால் அடிக்கக் கூடாது என்று ஏறத்தாழ 1,900 ஆண்டுகளுக்கு முன்பே எழுதிய ஆசிரியர் அவர்! நல்லவனாக இல்லாதவன் நல்ல பேச்சாளனாக முடியாது என்பது அவருடைய அடிப்படைக் கொள்கை.

எபிக்டெட்டஸ் அடிமையாக வாழ்ந்தவர், கால் ஊனமுற்றவர். நம் கையில் இருப்பது எது, இல்லாதது எது என்று பிரித்து அறிவதே ஞானம் என்று போதித்தார். நிகழ்ச்சிகள் அல்ல, அவற்றைப் பற்றி நாம் கொள்ளும் எண்ணமே நம்மைக் கலக்குகிறது என்பது அவர் கருத்து. அந்த அடிமையின் போதனையைப் போற்றிப் படித்தவர் பேரரசர் மார்க்கஸ் அரேலியஸ். கி.பி. 161 முதல் 180 வரை ஆண்ட அவர், கொள்ளைநோயும் போரும் சூழ்ந்த காலத்தில், டான்யூப் நதிக்கரைப் பாசறையில் தமக்குத் தாமே எழுதிக் கொண்ட குறிப்புகள் இன்றும் விற்பனையில் உள்ளன. 1950களில் புதிய உளவியல் சிகிச்சை முறையை உருவாக்கிய ஆல்பர்ட் எல்லிஸ், எபிக்டெட்டஸின் கருத்தைத் தம் வழிகாட்டியாகக் குறிப்பிட்டார். வியட்நாமில் 1965இல் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு, ஏழு ஆண்டுகளுக்கு மேல் சிறையில் சித்திரவதை அனுபவித்த அமெரிக்க விமானி ஜேம்ஸ் ஸ்டாக்டேல், அந்த அடிமையின் போதனையே தம்மைக் காப்பாற்றியது என்று பின்னாளில் சொன்னார்.

கடைசிப் பேச்சு

கி.மு. 44 மார்ச் 15ஆம் நாள் சீசர் கொல்லப்பட்டார். அதிகாரம் ஆண்டனியின் கைக்குப் போனது. சிசரோவுக்கு வயது 62. ஒதுங்கி இருந்திருக்கலாம். கிரேக்க நாட்டுக்குக் கிளம்பிய கப்பலிலிருந்து திரும்பி வந்தார். செப்டம்பர் முதல் அடுத்த ஆண்டு ஏப்ரல் வரை ஆண்டனிக்கு எதிராக 14 சொற்பொழிவுகளை உருவாக்கினார். இரண்டாவது சொற்பொழிவு மட்டும் மேடை ஏறாமல் எழுத்தாகவே வெளிவந்தது.

இளைஞர் ஆக்டேவியனை நம்பியது அவர் செய்த கடைசிக் கணக்குப் பிழை. கி.மு. 43 நவம்பரில் ஆக்டேவியனும் ஆண்டனியும் லெப்பிடஸும் கைகோத்தார்கள். கொல்லப்பட வேண்டியவர்களின் பட்டியல் மறுபடியும் தொங்கியது. சிசரோவின் பெயரைச் சேர்க்க ஆண்டனி பிடிவாதம் பிடித்தார். ஆக்டேவியன் இரண்டு நாட்கள் மறுத்து மூன்றாம் நாள் விட்டுக் கொடுத்தார் என்கிறார் புளூட்டார்க். டிசம்பர் 7ஆம் நாள், கடலோரத்து வீட்டிலிருந்து பல்லக்கில் போகும்போது வீரர்கள் பிடித்தார்கள். சிசரோ பல்லக்கைக் கீழே வைக்கச் சொல்லிக் கழுத்தை நீட்டினார். மசிலியாவில் ஒளிந்திருந்த பழைய வெர்ரிஸும் அதே பட்டியலில் சிக்கி மாண்டான். அவனிடம் இருந்த வெண்கலப் பாத்திரங்களுக்கு ஆண்டனி ஆசைப்பட்டதே காரணம் என்று பிளினி எழுதியுள்ளார்.

அப்படியானால் வென்றது யார்? வாள்தான் வென்றது. ரோமானியக் குடியரசு அத்துடன் முடிந்தது, பேரரசு வந்தது. மேடை இருந்தது, ஆனால் அங்கே துணிந்து பேச ஆளில்லை. பேச்சு எல்லாவற்றையும் காப்பாற்றிவிடும் என்று சொன்னால் அது வரலாற்றுக்குப் பொருந்தாது.

ஆனால் சிசரோவின் சொற்கள் அவரோடு சாகவில்லை. அவரிடம் அடிமையாக இருந்து விடுதலை பெற்ற செயலாளர் டைரோ, சுருக்கெழுத்தில் வல்லவர். அவர் தம் தலைவரின் எழுத்துகளைப் பாதுகாத்தார். 1345இல் பெட்ரார்க் என்ற இத்தாலியக் கவிஞர், சிசரோ தம் நண்பர் அட்டிகஸுக்கு எழுதிய கடிதங்களை வெரோனாவில் கண்டெடுத்தார். அந்தத் தேடலில்தான் ஐரோப்பிய மறுமலர்ச்சி வேர் பிடித்தது. அரசைப் பற்றிய அவருடைய நூலின் கணிசமான பகுதி, வத்திக்கான் நூலகத்தில், வேறொரு நூலை எழுதுவதற்காகச் சுரண்டி அழிக்கப்பட்ட தோல் ஏட்டில் மறைந்து கிடந்தது. அஞ்சலோ மாய் என்ற பாதிரியார் 1819இல் அதைக் கண்டுபிடித்தார். சுரண்டிய பிறகும் எழுத்து அழியவில்லை!

ஆண்டுகள் பல கடந்தன. ஆக்டேவியன் இப்போது அகஸ்டஸ் என்ற பேரரசர். ஒரு நாள் பேரனின் அறைக்குள் நுழைந்தார். பையன் கையில் சிசரோவின் நூல். பயந்து போய் அங்கிக்குள் மறைத்தான். பேரரசர் அதை வாங்கி, நின்ற இடத்திலேயே நெடுநேரம் படித்தார். பிறகு திருப்பிக் கொடுத்து, இவர் பேச்சுத் திறம் மிக்கவர், நாட்டை நேசித்தவர் என்று பேரனிடம் சொன்னதாக புளூட்டார்க் எழுதுகிறார்.

கொலைப் பட்டியலுக்குச் சம்மதித்தவரையே நின்று படிக்க வைத்தது அந்த எழுத்து. நல்ல பேச்சு பேசுகிறவரின் உயிரைக் காக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. பேசியபடி வாழ்வதும் எளிதில்லை. சிசரோவாலேயே எப்போதும் முடியவில்லை. ஆனாலும் மக்கள் முன் பேச எழும் ஒவ்வொருவரும் தமக்குள் கேட்டுக் கொள்ள வேண்டிய கேள்விகளை அவர் விட்டுச் சென்றார். இதனால் பயனடையப் போவது யார்? தெரிந்திருக்க வேண்டியவர்களுக்குத் தெரியாமல் எதையாவது மறைக்கிறேனா? இன்று உரக்கச் சொல்லும் நியாயத்தை, நாளை அது எனக்கே சுமையாகும்போதும் சொல்வேனா? மூன்றுக்கும் நேர்மையான பதில் இருந்தால் குரல் தானாக வரும்.